மூன்று கதவுகள், ஒரு புகார்: கல்வி நிலையங்களில் இணையவழிப் பாலியல் துன்புறுத்தலும் சாதியும்

விடுதியில் தங்கிப் படிக்கும் தலித் மாணவி ஒருவரின் முகம் வேறோர் உடலோடு ஒட்டப்பட்டு, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுக்கு விடப்படுகிறது என்று கொள்வோம். படத்தின் கீழே அவருடைய சாதிப்பெயரும் ஒரு வசையும் இருக்கின்றன. மறுநாள் அவர் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் போகிறார். சாதிப்பெயர் வந்திருப்பதால் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு அலுவலரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த அலுவலரோ இது பெண்கள் விவகாரம், குழுதான் விசாரிக்க வேண்டும் என்கிறார். கூடவே, செல்பேசியில் நடந்ததற்குக் கல்லூரி என்ன செய்யும், காவல்துறைக்குப் போங்கள் என்றும் சொல்லிவிடுகிறார். இணையக்குற்றப் பிரிவில் புகாரை வாங்குகிறவர் படத்தைப் பார்க்கிறார். கீழே இருக்கும் சொல்லைப் பார்ப்பதில்லை. ஆபாசப் படம் பரப்பியதாக ஒரு வழக்கு பதிவாகிறது.

மூன்று அமைப்புகளும் தத்தம் விதிப்படியே நடந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்ள முடியும். ஆனால் அம்மாணவிக்கு நேர்ந்தது மூன்று குற்றங்கள் அல்ல, ஒரே குற்றம். அவர் பெண் என்பதாலும், தலித் என்பதாலும், அவரை இழிவுபடுத்துவதற்குச் செல்பேசி வசதியான கருவி என்பதாலும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தது அது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளிலும் இதே பிளவைக் காணலாம். 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான இணையக் குற்றங்கள் 65,893. பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் 57,582. இரண்டும் தனித்தனி அட்டவணைகள். இணையத்தில் ஒரு தலித் பெண்ணுக்கு நேர்ந்தது எந்த அட்டவணையில் எவ்வளவு என்பது அவற்றைப் புரட்டுகிறவருக்குப் புலப்படாது.

இந்தப் பிளவைத் தாண்டிப் புகாரை எப்படி நடத்துவது, எந்தச் சட்டம் எதுவரை உதவும், கல்வி நிலையங்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சாதியை மறந்த சட்டம்

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான இந்தியச் சட்டம் ஒரு சாதிக் கொடுமையிலிருந்து பிறந்தது. ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றிய பன்வாரி தேவி, ஆதிக்கச் சாதிக் குடும்பமொன்றில் கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். 1992இல் அவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். அவர் பிற்படுத்தப்பட்ட குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். தலித் என்று பல இடங்களில் எழுதப்படுவது பிழை. 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. உயர்சாதி ஆண்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. அதன் பின் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான் 1997ஆம் ஆண்டின் விசாகா நெறிமுறைகள் வந்தன. அந்தத் தீர்ப்பில் சாதி பேசப்படவில்லை. ஓர் ஊழியருக்கு நேர்ந்த கொடுமையாக மட்டுமே அது அங்கே பதிவாயிற்று.

விசாகாவின் வழிவந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மறதியையும் சேர்த்தே சுவீகரித்துக்கொண்டது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அதற்குச் சாதி நினைவுக்கு வருகிறது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் நியமிக்கப்படும் உறுப்பினர்களுள் ஒருவராவது பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லது சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 7. கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் அமைக்கப்படும் உள்ளகக் குழுவுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆதிக்கச் சாதியினர் மட்டுமே கொண்ட ஒரு குழு தலித் மாணவியின் புகாரை விசாரிப்பது சட்டப்படி முறையானதே.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் ஓரளவு மேலானவை. வட்டாரம், வர்க்கம், சாதி, பாலியல் நாட்டம், சிறுபான்மை அடையாளம், மாற்றுத்திறன் ஆகியவை ஒருவரது பாதிப்பைக் கூட்டுகின்றன என்பதையும், அத்தகையவர்கள் புகார் கொடுப்பதே கடினம் என்பதையும் அவை ஒப்புக்கொள்கின்றன. ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படக்கூடும் என்றும் சொல்கின்றன. வளாகம் என்பதன் பொருளையும் விரித்துள்ளன: கல்விச் சுற்றுலா, களப்பணி, பயிற்சிப் பணி, கலைவிழா, போக்குவரத்து என மாணவராக ஒருவர் பங்கேற்கும் இடமெல்லாம் வளாகமே. இப்படி வரையறுத்துவிட்ட பிறகு, வகுப்புக்கென்றே உருவாக்கப்பட்ட வாட்ஸ்அப் குழுவையோ இணையவழி வகுப்பையோ வளாகத்துக்கு வெளியே என்று தள்ளிவைப்பதற்கு நியாயம் ஏதுமில்லை. இரவு பதினொரு மணிக்குத் தன் வீட்டிலிருந்து அனுப்பினான் என்ற வாதம் எழுமானால், எங்கிருந்து அனுப்பினான் என்பதை விட்டுவிட்டு, எந்த உறவைப் பயன்படுத்தி அனுப்பினான் என்று குழுவிடம் கேளுங்கள்.

குழுவின் அமைப்பில் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால், இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து மூன்று மாணவர்கள் குழுவில் இருக்க வேண்டும். அவர்கள் வெளிப்படையான சனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், புலத்தலைவர், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பாளர்கள் உறுப்பினராக இருக்கவே கூடாது. உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் உள்ள பட்டியலை இந்த இரண்டையும் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். முதல்வரால் நியமிக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகளும், தலைமைப் பொறுப்பில் ஒரு துறைத்தலைவரும் இருந்தால், புகார் வருவதற்கு முன்பே எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். புகார் வந்த பின் ஆட்சேபித்தால் காலம் விரயமாவது பாதிக்கப்பட்டவருக்குத்தான். கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. மாணவிகள் பலர் கொடுத்த புகார்களின் மேல் எடுத்த நடவடிக்கையை, விசாரணை அவசர அவசரமாக முறைபிறழ்ந்து நடந்தது என்பதால் நீதிமன்றம் இரத்து செய்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. இந்தச் சட்டம் நாட்டில் எவ்வளவு அரைகுறையாக நடைமுறைப்படுத்தப்படுகிறது என்பதற்குத் தன் வருத்தத்தையும் அதே தீர்ப்பில் அது பதிவு செய்தது.

மூன்று மாதம் என்னும் சுவர்

கடைசியாக நிகழ்ந்த செயலிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் எழுத்தில் தரப்பட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் இல்லை. மேற்கு வங்கத்தின் சட்டப் பல்கலைக்கழகமொன்றில் ஆசிரியை ஒருவர் துணைவேந்தர் மீது கொடுத்த புகார், இந்தக் காலவரம்பைக் கடந்தது என்பதற்காகத் தள்ளுபடியானதை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆனால் அத்தீர்ப்பைத் துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் சேர்க்கும்படி உத்தரவிட்டது. நீதி இதில் எந்தப் பாதியில் இருக்கிறது என்பது வாசகரின் முடிவுக்குரியது.

இணையவழித் துன்புறுத்தலில் இந்தக் காலவரம்பு வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. இரண்டாம் ஆண்டில் பரப்பப்பட்ட படம் நான்காம் ஆண்டில், வேலைவாய்ப்பு நேர்காணல் நாளன்று, புதிய கணக்கொன்றிலிருந்து மறுபடி வரலாம். பரப்பப்படும் ஒவ்வொரு முறையும் புதிய நிகழ்வே என்று வாதிட வேண்டும். தொடர் நிகழ்வுகளில் கடைசி நிகழ்விலிருந்தே காலம் கணக்கிடப்படும் என்ற சட்டச் சொற்றொடர் அதற்கு இடம் தருகிறது. ஆகவே புகாரில் முதல் நாளை மட்டும் எழுதிவிட்டு நிற்காமல், மிக அண்மையில் படம் எங்கே, எந்தக் கணக்கில், எந்த நாளில் தென்பட்டது என்பதையும் எழுதுங்கள். காலவரம்பு முடிந்தே போனாலும் குற்றவியல் வழக்குக்கு அது தடையாகாது. இரண்டும் இணையாகவே நடக்கலாம். காவல்துறையில் வழக்கு இருப்பதால் நாங்கள் விசாரிக்க முடியாது என்று குழு கைவிரிக்க முடியாது.

குற்றவியல் சட்டங்கள்

2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தல் பிரிவு 75, மறைந்து பார்த்தலும் படமெடுத்தலும் பிரிவு 77, பின்தொடர்தல் பிரிவு 78, பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் சொல்லும் சைகையும் பிரிவு 79. இவற்றுள் 77இன் விளக்கக் குறிப்பு முக்கியமானது. படமெடுக்க ஒருவர் சம்மதித்திருந்தாலும், அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம். காதலித்த காலத்தில் பகிர்ந்த படம் பிரிந்த பின் மிரட்டலாக மாறும்போது, நீதானே அனுப்பினாய் என்று காவல் நிலையத்திலும் வீட்டிலும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதில் இது. பிரிவு 78, பெண் இணையத்தைப் பயன்படுத்துவதைக் கண்காணிப்பதையும் பின்தொடர்தலாகவே கருதுகிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ அந்தரங்கத்தை மீறிப் படமெடுப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. 67 ஆபாசத்தையும், 67-ஏ வெளிப்படையான பாலியல் காட்சியையும், 67-பி குழந்தைகள் தொடர்பானவற்றையும் குறிப்பன. 67, 67-ஏ ஆகியவற்றின் பார்வையில் ஒரு குறை உண்டு. அவை படம் ஆபாசமானதா என்று கேட்கின்றன. அதிலிருப்பவர் சம்மதித்தாரா என்று கேட்பதில்லை. ஒட்டுப்படங்களிலும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்படும் போலிப் படங்களிலும் 66-இ எளிதில் பொருந்தாது. ஏனெனில் அந்த உடல் புகார்தாரருடையது அல்ல என்ற வாதம் எழும். அங்கே 67-ஏ, சன்ஹிதாவின் 79, நற்பெயரைக் கெடுக்கும் போலி ஆவணத்துக்கான 336(4), மிரட்டலுக்கான 351 ஆகியவற்றைச் சேர்த்துக் கோர வேண்டும். போலிக் கணக்கு என்றால் 66-சி, 66-டி.

இனி, பெரும்பாலான முதல் தகவல் அறிக்கைகளில் இடம்பெறத் தவறும் சட்டத்துக்கு வருவோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 2016 சனவரி 26 முதல் புதிய வடிவில் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 3(1)(டபிள்யூ)இன் இரண்டாம் உட்பிரிவு, பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண் என்று அறிந்தே, அவரை நோக்கிப் பாலியல் தன்மையுள்ள சொல், செயல், சைகை ஆகியவற்றைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. இந்த உட்பிரிவின் வலிமையைச் செயற்பாட்டாளர்களே பலர் முழுதாக உணர்ந்ததில்லை. இதில் பொதுப் பார்வை என்ற நிபந்தனை கிடையாது. சாதிப்பெயரைச் சொல்லி வைய வேண்டிய கட்டாயமும் கிடையாது. தனிப்பட்ட செய்தியில் இரவோடிரவாக வந்த பாலியல் வசையும் இதற்குள் அடங்கும். சாதி அவருக்குத் தெரியாது என்று எதிர்த்தரப்பு சொல்லுமானால், பிரிவு 8(சி) இருக்கிறது: பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவர் நேரடியாக அறிந்தவர் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். ஒரே வகுப்பில் அமர்ந்து, கல்வி உதவித்தொகைப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவதைச் சேர்ந்து பார்த்தவர்கள், தெரியாது என்று சொல்வது கடினம்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதற்கான 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளுக்குத்தான் பொதுப் பார்வை தேவை. இணையம் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடமா என்ற கேள்விக்கு 2022 சூலையில் கேரள உயர் நீதிமன்றம் தெளிவான விடை தந்தது. பழங்குடிப் பெண் ஒருவரை இழிவுபடுத்தி யூடியூபில் வெளியான காணொளி பற்றிய வழக்கு அது. காணொளியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவர் அங்கே இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்ற பார்வையில் முன்பிணை மறுக்கப்பட்டது. ஐம்பது பேர் கொண்ட வகுப்புக் குழுவுக்கு இதே தர்க்கத்தை நீட்டுவது வழக்கறிஞரின் வேலை.

பாலினம், சாதி, உடற்குறை ஆகியவை தனித்தனியாக அல்லாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒடுக்குவதை உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் பட்டன் சமால் வலி வழக்கில் விரிவாக ஏற்றுக்கொண்டது. அங்கே பாதிக்கப்பட்டவர் பார்வையற்ற தலித் பெண். கோட்பாட்டை அவ்வளவு தெளிவாகப் பேசிய அதே தீர்ப்பு, சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்பதற்குச் சான்று இல்லை என்று வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கவும் செய்தது. குற்றம் திருத்தத்துக்கு முந்தியது. அன்றைய சட்டம் காரணத்தைக் கேட்டது. இன்றைய சட்டம் அறிதலை மட்டுமே கேட்கிறது. ஆகவே பழைய தீர்ப்புகளைக் காட்டிப் புதிய புகாரைத் திருப்பி அனுப்பும் அதிகாரிக்கு 2016ஐ நினைவூட்டுங்கள்.

நடைமுறையில் தடை எழுவது விசாரணை அதிகாரியின் பதவியில். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை ஆய்வாளர் விசாரிக்கலாம். வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். ஆகவே, இப்போது இணையக் குற்றமாகப் பதிவு செய்துவிடுவோம், மற்றதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப்படும். அந்தப் பின்னால் எளிதில் வருவதில்லை. சேர்க்காமல் விட்டால் இழப்பவை பல: முன்பிணைத் தடை, சிறப்பு நீதிமன்றம், கட்டம் கட்டமாகக் கிடைக்க வேண்டிய நிவாரணம், பிணை மனுவில் பாதிக்கப்பட்டவர் தம் தரப்பைச் சொல்லும் 15-ஏ உரிமை. முதற்கட்ட விசாரணை நடத்திய பிறகே பதிவு செய்வோம் என்பதற்கும் இடமில்லை. 2018இல் சேர்க்கப்பட்ட 18-ஏ அதை வேண்டாம் என்கிறது.

இந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. தலித் கிறித்தவ மாணவி, அதே சேரியிலிருந்து வந்து அதே வசையைக் கேட்டாலும், பட்டியல் சாதிச் சான்றிதழ் இல்லாததால் வன்கொடுமைச் சட்டத்தை நாட முடியாது. தமிழகத்தில் இந்த எண்ணிக்கை சிறிதல்ல. அவருக்கு உள்ளகக் குழுவும் பொதுக் குற்றவியல் சட்டமும்தான் மிச்சம். குழுவுக்கு எழுதும் புகாரில் சாதி வசையை விரிவாகப் பதிவு செய்வது அவருக்கு இன்னும் அவசியம்.

பள்ளிகள்: பாதுகாப்பும் வேலியும்

பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் போக்சோ சட்டம். அதன் பிரிவு 11, மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையும், உண்மையான அல்லது புனையப்பட்ட படத்தை வெளியிடுவதாக மிரட்டுவதையும் பாலியல் துன்புறுத்தலாக வரையறுக்கிறது. 2012இலேயே புனையப்பட்ட படம் என்ற சொல் அதில் இருக்கிறது. சிறுவர், சிறுமியர் இருபாலரையும் அது காக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; தன் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. பெற்றோரை வரவழைத்துப் பேசி முடித்துவிட்டோம் என்று தலைமையாசிரியர் சொன்னால், அவர் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறார் என்று பொருள்.

2021 மே மாதம், பெருந்தொற்றுக் காலத்து இணையவழி வகுப்பில் முறைகேடாக நடந்துகொண்டதாகச் சென்னையின் பெயர்பெற்ற தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர் கைதானபோது, முன்னாள் மாணவியர் சமூக ஊடகத்தில் எழுதியவற்றிலிருந்தே அது தொடங்கியது. பள்ளிக்குள் புகார் சொல்லும் வழி செயல்படவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அதன் பின் தமிழக அரசு இணையவழி வகுப்புகளுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கவும் சொன்னது. 14417, 1098 ஆகிய உதவி எண்கள் வகுப்பறைச் சுவர்களில் ஏறின.

குழந்தைகள் தொடர்பான பாலியல் படங்களைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 சனவரியில் சொன்னதை, அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே நண்பன் அனுப்பியதை அழிக்காமல், புகாரும் கொடுக்காமல் வைத்திருக்கும் மாணவனும் சிக்கலுக்கு உள்ளாகலாம். இதை வகுப்பறையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆதாரம் என்று நினைத்து ஆசிரியருக்கு அந்தப் படத்தையே அனுப்பிவைப்பதும் தவறு. யாரிடம் இருக்கிறது, எந்தக் குழுவில் வந்தது என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

இந்த இடத்தில் தலித் இயக்கங்களுக்கென ஒரு தனிக் கவலை உண்டு. அதைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயது இளைஞனும் காதலித்து, அந்த இளைஞன் தலித்தாக இருந்தால், பெண்வீட்டார் கையில் எடுக்கும் முதல் ஆயுதங்களுள் போக்சோவும் ஒன்று. செல்பேசியில் உள்ள குறுஞ்செய்திகள் சான்றாகின்றன. வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 சனவரியில் சுட்டிக்காட்டியது. 2012 தருமபுரி வன்முறையை ஒட்டி ஒலித்த நாடகக் காதல் என்னும் அவதூறை நாம் மறக்கவில்லை. இணையவழிக் குற்றம் பற்றிய பேச்சு அந்த அவதூறுக்குப் புது உடை தைத்துக் கொடுத்துவிடக் கூடாது. குசராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் 2019 சூலையில் தாக்கூர் சமூகத்தார் கூடிப் போட்ட தீர்மானங்கள் இதை வெளிப்படையாகவே காட்டின: மணமாகாத பெண்கள் செல்பேசி வைத்திருக்கக் கூடாது, பெற்றோர் சொல் மீறிச் சாதி மாறி மணப்பவர் குடும்பத்துக்கு அபராதம். இரண்டும் ஒரே கூட்டத்தில் பிறந்த தீர்மானங்கள்.

செல்பேசியைப் பிடுங்குவது தடுப்பு நடவடிக்கை ஆகாது. மாணவி புகார் கொடுத்ததும் வீட்டில் முதலில் பறிபோவது அவருடைய கருவிதான், அடுத்து அவருடைய படிப்பு. இந்த அச்சமே புகார்களை விழுங்குகிறது. விடுதி நேரத்தைக் குறைப்பதும், பெண்களுக்கு மட்டும் எச்சரிக்கை வகுப்பு நடத்துவதும் இதே இனம்.

ஏன் குழுவிடம் போவதில்லை

2017 அக்டோபரில், அமெரிக்காவில் சட்டம் பயின்றுகொண்டிருந்த தலித் மாணவி ராயா சர்க்கார், துன்புறுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பேராசிரியர்களின் பட்டியல் ஒன்றை முகநூலில் வெளியிட்டார். பெயர் சொல்லும் முன் முறையான விசாரணை வேண்டும் என்று மூத்த பெண்ணியர் பலர் அதை விமர்சித்தனர். அந்த முறையான விசாரணையின் வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது என்று தலித், பகுசன் பெண்ணியர் திருப்பிக் கேட்டனர். இரு தரப்பிலும் உண்மை இருந்தது. பெயர்ப்பட்டியல் ஒன்றை வெளியிடுகிறவர் அவதூறு வழக்கை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பும் இல்லாமல் போகும். ஆனால் ஆய்வு நெறியாளரின் கையெழுத்தில் உதவித்தொகையும் பட்டமும் தொங்கிக்கொண்டிருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, அந்த நெறியாளரின் நண்பர்கள் அமர்ந்திருக்கும் குழு எந்த வகையில் நடுநிலையானது? இதற்கான பாதி விடை விதிமுறைகளிலேயே இருக்கிறது, கேட்பார்தான் இல்லை. விசாரணை நடக்கும் காலத்தில் புகார்தாரரின் பணியை எதிர்த்தரப்பினர் மதிப்பிடக் கூடாது என்று குழு பரிந்துரைக்கலாம். மூன்று மாதம் வரை விடுப்பு அளிக்கலாம். வகுப்போ துறையோ மாற்றலாம். மாற்றப்பட வேண்டியவர் புகார் கொடுத்தவராகவே எப்போதும் இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம், பெயர் வெளியாகிவிடும் என்ற பயம். அது வீணான பயமல்ல. முகநூல் வழியே அறிமுகமாகி, படமெடுத்து, அப்படத்தைக் காட்டி மிரட்டி நடத்தப்பட்ட பொள்ளாச்சிக் கொடுமை 2019இல் வெளிவந்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் செய்தியாளர் சந்திப்பில் சொன்னவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். அரசாணையிலும் பெயர் இருந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைக்க 2025 மே 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 திசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் தாக்கப்பட்ட வழக்கிலும் முதல் தகவல் அறிக்கை அவருடைய விவரங்களோடு இணையத்தில் பரவியது. மீண்டும் 25 லட்சம், மீண்டும் நீதிமன்றக் கண்டனம். 2025இல், தன் அந்தரங்கக் காணொளியை அகற்றக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய பெண் வழக்கறிஞர், காணொளியை அடையாளம் காட்ட ஆண் காவலர்கள் முன்னிலையில் உட்கார வேண்டியிருந்தது. சட்டம் படித்தவருக்கே இந்த நிலை.

சான்றைக் காப்பது, படத்தை அகற்றுவது

முதல் மணி நேரத்தில் எல்லோரும் செய்யும் தவறு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கணக்கையும் மூடிவிடுவது. அழிக்க வேண்டாம். திரைப்பிடிப்பு மட்டும் போதாது. இணைய முகவரி, அனுப்பியவரின் கணக்குப் பெயர், தொலைபேசி எண், நாள், நேரம் ஆகியவை தெரியும்படி எடுக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு, பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63(4)இன்படி இரு பகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒன்று கருவியை வைத்திருப்பவர் தருவது, மற்றது வல்லுநர் தருவது. உள்ளகக் குழுவின் விசாரணை குற்றவியல் வழக்கல்ல என்பதால், அங்கே அவ்வளவு கறார் தேவையில்லை. இதைக் குழு உறுப்பினர்களே பலர் அறியாமல், தடயவியல் அறிக்கை வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும் என்பது விதி.

காவல்துறை செல்பேசியைக் கைப்பற்றினால் அது திரும்பி வரும் நாள் தெரியாது. குடும்பத்துக்கே ஒரு செல்பேசி இருக்கும் வீட்டில் இது சிறு விஷயமல்ல. உதவித்தொகைக்கான ஒருமுறைக் கடவுச்சொல்லும் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. வழக்கு முடியும்வரை மாற்றுக் கருவியொன்றைக் கல்லூரி தர வேண்டும் என்ற கோரிக்கையை மாணவர் அமைப்புகள் எழுப்பலாம். எழுப்பப்பட்டு நான் கேட்டதில்லை.

புகாரை 1930 என்ற எண்ணிலும் தேசிய இணையக்குற்றத் தளத்திலும் பதியலாம். எந்தக் காவல் நிலையமும் எல்லை பார்க்காமல் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். படத்தை அகற்றுவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். 2021ஆம் ஆண்டு இடைநிலையர் விதிகள், நிர்வாணத்தையோ பாலியல் செயலையோ காட்டும் படத்தை, ஒட்டுப்படமாக இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் நேரடியாகப் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் நீக்க வேண்டும் என்றன. படம் இன்னும் பரவவில்லை, மிரட்டல் மட்டுமே என்றால் ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவை பயன்படும். படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. அதன் எண்மக் கைரேகை மட்டும் பங்கேற்கும் நிறுவனங்களுக்குப் போய், பதிவேற்றம் தடுக்கப்படும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற சேவை உண்டு. வாட்ஸ்அப்பின் மூடிய குழுக்களில் இவற்றால் பயன் குறைவு. அங்கே குழு நிர்வாகி யார் என்பதைக் குறித்துவைத்து, கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை வழியே அழுத்தம் தருவதே வழி.

கேட்க வேண்டியவை

உள்ளகக் குழுவில் தலித் அல்லது பழங்குடிப் பெண் உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை; ஆனால் நிர்வாகம் அப்படி அமைப்பதை அது தடுக்கவும் இல்லை. பாகுபாடு தடுப்பு அலுவலரை நியமிக்கும்படி மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள் சொல்கின்றன. அவரை இத்தகைய புகார்களில் குழுவோடு சேர்ந்து அமரச் செய்ய ஒரு சுற்றறிக்கை போதும். வகுப்புக் குழுக்களை ஆசிரியர்கள் தொடங்கும்போது மாணவியரின் எண்கள் எல்லோருக்கும் தெரியாத முறையில் தொடங்கலாம். வருகைப்பதிவு, உதவித்தொகைப் பட்டியல் ஆகியவற்றைப் புகைப்படமெடுத்துக் குழுவில் போடும் வழக்கத்தை நிறுத்தலாம். சாதிப்பிரிவும் தொலைபேசி எண்ணும் அருகருகே அச்சான ஒரு தாள், துன்புறுத்துகிறவனுக்கு நிர்வாகம் தயாரித்துக் கொடுக்கும் கையேடு. நாங்குநேரித் தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, பள்ளிகளில் மாணவரின் சாதி வெளிப்படாமல் காப்பதற்குப் பல பரிந்துரைகளைச் செய்திருக்கிறது. அவற்றைக் கல்லூரிகளின் இணையப் பழக்கங்களுக்கும் நீட்டிக் கேட்கலாம்.

புகார் கொடுக்கும் நிலையில் பாதிக்கப்பட்டவர் இல்லை என்றால், உடல், மன நலிவைக் காட்டி நண்பரோ உறவினரோ சக மாணவரோ உளவியலாளரோ அவர் சார்பில் கொடுக்கலாம். புகாரை நிரூபிக்க முடியாமல் போனதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது. சட்டத்தின் பிரிவு 14 இதைத் தெளிவாகச் சொல்கிறது. சமரசம் புகார்தாரர் கேட்டால் மட்டுமே. பணம் அதன் அடிப்படையாக இருக்கக் கூடாது. விசாரணை முடிந்த பத்து நாளில் அறிக்கை நிர்வாகத்துக்குப் போக வேண்டும், அதன் நகல் இரு தரப்பாருக்கும் தரப்பட வேண்டும். நிர்வாகம் முப்பது நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். முடிவில் உடன்பாடில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். அறிக்கையின் நகல் கைக்கு வந்த தேதியை, வாங்கும்போதே, அதன் முதல் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள்.